உள்ளேன் அம்மா

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்றால் மங்கையர்க்கரசிக்குக் கை நடுங்கும். கழுத்தில் தாலி ஏறும்போது நடுங்கவில்லை, பிரசவத்துக்குப் போகும்போது நடுங்கவில்லை. 'ஐந்தாம் மாடி' தொடர்கதையின் புது அத்தியாயத்தை ஏற்றும் பொத்தானை அமுக்கும்போது மட்டும் அப்படி ஒரு நடுக்கம். திருச்சி தில்லைநகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் ஊரார் கண்ணுக்கு லென்ஸ் மாட்டிப் பார்ப்பவள், ஆறு மணியானதும் கடையின் பின்னறைக்குப் போய், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி செல்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மூன்று வருடமாக இதே கூத்துதான்.

கதை என்னவென்றால், சென்னை பாரிமுனையில் கல்யாணப் பத்திரிகைக் கடைகள் நிறைந்த ஒரு நாலு மாடிக் கட்டடம். அதற்கு ஐந்தாவது மாடி ஒன்று உண்டு. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாது. படியேறிக் களைத்து, 'இன்னும் எவ்வளவு ஏறணும்டா சாமி' என்று மனதார அலுத்துக்கொள்பவர்களுக்கு மட்டும் படி நீளும். மேலே போனால் ஒரு மந்திரக் கல்லூரி. மழையைத் தெருமுனையோடு நிறுத்துவது, நிழலை மடித்துப் பெட்டியில் வைப்பது என்று பாடங்கள். கேன்டீனில் எலுமிச்சை சாதம். முதல்வர் அங்கயற்கண்ணி அம்மையாருக்குக் கோபம் வந்தால் கட்டடம் முழுக்கக் கரண்ட் போய்விடும்.

ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் அம்மையார் வருகை எடுப்பார். இது மங்கை விளையாட்டாக ஆரம்பித்தது. வாசகர்கள் தங்களையும் மாணவர்களாக நினைத்துக்கொண்டு கீழே 'உள்ளேன் அம்மா' என்று கருத்துப் போட ஆரம்பித்தார்கள். சரி, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்று வந்த வரிசையில் ஆளுக்கொரு ரோல் நம்பர் கொடுத்தாள். கூடவே ஒரு விதியும் போட்டாள்: தொடர்ந்து மூன்று வாரம் வராவிட்டால் நம்பர் வேறொருவருக்குப் போய்விடும். அந்த விதியைச் சனங்கள் உயிராகப் பிடித்துக்கொண்டார்கள். ராஜபாளையத்து நர்மதா என்ற வாசகி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் 'உள்ளேன் அம்மா, வலி எடுத்துடுச்சு' என்று போட்டாள். மறுவாரம் குழந்தைக்கும் சேர்த்து நம்பர் கேட்டாள்.

கதையில் எல்லோருக்கும் பிடித்த ஆள் வாட்ச்மேன் மாசிலாமணி. நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். டீ குடிக்கக் கீழே இறங்கி, திரும்பி வர வழி மறந்துபோன மாணவர்களுக்காக, வருகை எடுக்கும்போது அவர்கள் குரலிலேயே 'உள்ளேன் அம்மா' என்று பதில் கொடுப்பார். கல்லூரியில் படித்த எவருக்கும் தெரிந்த சமாச்சாரம்தான், ப்ராக்ஸி. ஆனால் இப்படி ப்ராக்ஸி கொடுத்துக்கொண்டிருக்கும்வரை மாசிலாமணி அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போக முடியாது, வீட்டுக்கும் திரும்ப முடியாது. ஒருநாள் அவர் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போவதுதான் கதையின் முடிவு என்று முதல் அத்தியாயம் எழுதும்போதே மங்கை தீர்மானித்து வைத்திருந்தாள்.

தொடரை வெளியிட்ட 'தொடரகம்' என்ற செயலிக்காரர்கள் இந்த மாசிலாமணியைப் பிடித்துக்கொண்டார்கள். நேரமில்லாத வாசகருக்குப் பதிலாகப் படித்து, அவர் மாதிரியே கருத்துச் சொல்லி, அவருக்குக் கதைச் சுருக்கத்தையும் சொல்லிவிடுகிற ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து, அதற்கு 'ப்ராக்ஸி' என்றே பெயர் வைத்தார்கள். மேடத்தின் கதைதான் எங்களுக்கு ஐடியா கொடுத்தது என்று விழா வைத்துப் பொன்னாடை வேறு போர்த்தினார்கள். சோம்பேறிகள் நாலு பேர் வைத்துக்கொள்வார்கள் என்று மங்கை அதோடு விட்டுவிட்டாள். எது ஆள், எது ப்ராக்ஸி என்று பக்கத்தில் காட்டவும் மாட்டார்கள். அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாசிலாமணியை வீட்டுக்கு அனுப்பவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தவர் ரோல் நம்பர் பதினேழு, அரக்கோணம் அழகேசன். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தட்டச்சு செய்யப் பொறுமை இல்லாததால் குரல் பதிவாகத்தான் கருத்துப் போடுவார். இருமிக்கொண்டே பேசுவார். "கதையெல்லாம் இருக்கட்டும்மா, அந்த அஞ்சாவது மாடிக்குத் தண்ணி எப்படி ஏறுது? மோட்டார் யார் போடறது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மங்கையால் பதில் சொல்ல முடியவில்லை. மாதத்துக்கு ஒரு முறையாவது அதைக் கேட்டு அவள் மானத்தை வாங்குவார். மற்றவர்கள் 'செம எபிசோட்', 'வெயிட்டிங் மேடம்' என்று போய்விட, இந்த மனிதர் மட்டும் ஒவ்வொரு வரியிலும் நின்று கேள்வி கேட்டார். மங்கை அவருக்காகத்தான் எழுதினாள் என்றே சொல்லலாம்.

மாசிலாமணி போகப்போகிறார் என்று அவள் கோடி காட்டும்போதெல்லாம் அழகேசன் பதறுவார். டிக்கெட் இல்லாதவனையும் ஏற்றிக்கொள்கிற மனசு அந்த ஆளுக்கு, அவனைப் போய் அனுப்புவதா என்பார். மங்கையும் மனம் இளகித் தள்ளிப்போடுவாள். இப்படியே கடந்த ஒரு வருடம் கதை ஒரே படியில் நின்றது. அவர் குரலில் இருமல் மட்டும் நின்றுபோயிருந்தது. உடம்பு தேறிவிட்டதா ஐயா என்று அவள் ஒருமுறை கேட்டபோது, எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன், நீங்க கதையைச் சொல்லுங்க என்றார். அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் எத்தனை நாள்தான் இழுப்பது? எழுத உட்கார்ந்தாலே அலுப்பாக வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை துணிந்து, இன்னும் சில வாரங்களில் 'ஐந்தாம் மாடி' நிறைவடையும் என்று அத்தியாயத்தின் கீழே போட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் ஓர் அம்மாள் உள்ளே வந்தார். அறுபதைத் தாண்டிய வயது, தோளில் துணிப்பை, ராத்திரி ரயிலில் தூங்காத கண்கள். கண் பரிசோதனைக்கு வந்தவர் என்று நினைத்து மங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள். கதை எழுதுகிற அம்மா நீங்கள்தானா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றதும் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அழகேசன் வீட்டுக்காரிம்மா. சுலோசனா. அரக்கோணத்துல இருந்து வரேன்."

மங்கைக்குத் தலைகால் புரியவில்லை. ஐயா வரவில்லையா, எப்படி இருக்கிறார் என்று வாசலை எட்டிப் பார்த்தாள். டீ கொண்டுவரச் சொல்லிப் பக்கத்து டீக்கடைக்குக் குரல் கொடுத்தாள். அதற்குள் சுலோசனா தலையை ஆட்டிவிட்டார்.

"அவர் போய் வருஷம் திரும்பப் போகுதும்மா."

அப்புறம் அவர் சொன்னதையெல்லாம் மங்கை நின்றபடியே கேட்டாள். அழகேசனுக்கு நெஞ்சில் அடைப்பு. ஆபரேஷனுக்காகச் சென்னைக்குப் போனபோது, உயிர் பிழைப்போமா என்பதைவிட, மூன்று வாரம் வருகை தவறினால் பதினேழாம் நம்பர் போய்விடுமே என்பதுதான் அவருக்குக் கவலை. ப்ராக்ஸியைப் போட்டுவிடு, வந்ததும் நானே படித்துக்கொள்கிறேன் என்றார். அவர் சொல்லச் சொல்லச் சுலோசனாதான் பொத்தானை அமுக்கினார். மனிதர் திரும்பி வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான முதல் வெள்ளிக்கிழமை, அலமாரி மேலிருந்த செல்போன் அவருடைய குரலில் பேச ஆரம்பித்தது. 'இந்த வாரம் என்ன ஆச்சு தெரியுமா' என்று கதையைச் சொல்லிக்கொண்டே போனது.

"மொதல்ல பயந்துட்டேன். அப்புறம் பக்கத்துல போய் உக்காந்துட்டேன்."

கதையைத் தவிர அது வேறு எதுவும் பேசாதாம். பென்ஷன் காகிதத்தை எங்கே வைத்தீர்கள் என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். அதை விடு, வாட்ச்மேன் கதையைக் கேள் என்றதாம். இதைச் சொல்லும்போது சுலோசனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தபோதும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் இப்படித்தான், எதைக் கேட்டாலும் வாட்ச்மேன் புராணம்தான் என்றார். சிரித்து முடித்ததும் கண் கலங்கிவிட்டது.

"கதை முடிஞ்சா அதுவும் முடிஞ்சுடும்னு தொடரகத்துக்காரங்க சொல்லிட்டாங்கம்மா. கேட்டுட்டுதான் வரேன். முடிக்காதீங்க. ஏதோ ஒண்ணு, எழுதிட்டே இருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மங்கை ஒரு வருடமாக யாருக்காக எழுதினாளோ அவர் இல்லை. யாருடைய பேச்சுக்காக முடிவை ஒத்திப்போட்டாளோ அந்தப் பேச்சைப் பேசியவர் இல்லை. கல்லு மாதிரி இருக்கேன் என்றது எது? அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை. மூன்று வார விதியைப் போட்டதே அவள்தானே.

நீங்கள் கதையைப் படித்திருக்கிறீர்களா அம்மா என்று கேட்டாள். எனக்கெதற்கு, அவர்தான் சொல்லிவிடுவாரே என்றார் சுலோசனா. அதோடு எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்கிறது, மாத்திரை அட்டை முதற்கொண்டு அவர்தான் படித்துக் காட்டுவார் என்றார். மங்கைக்குத் தொழில் புத்தி. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே அவரை உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தாள். படிக்கிற கண்ணாடி ஒன்றைக் கடையிலிருந்தே எடுத்துப் பையில் வைத்துக்கொடுத்தாள். கதையைப் பற்றி மட்டும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் அம்மா என்று ரயிலேற்றிவிட்டாள்.

அன்று மத்தியானமே தொடரகத்தின் ஆசிரியர் நிவேதனைப் போனில் பிடித்தாள். முப்பது வயசுப் பையன், பேச்சில் எப்போதும் தேன் சொட்டும். விஷயத்தைக் கேட்டதும் உண்மையாகவே வருத்தப்பட்டான். குடும்பத்தில் யாரும் நிறுத்தச் சொல்லாதபோது நாங்களாக நிறுத்தினால் தப்பாகிவிடாதா என்றான்.

"பொய்யின்னு நினைக்காதீங்க மேடம். அவர் எந்த வரியில நின்னார், எங்க சிரிச்சார், எதுக்குக் கோபப்பட்டார், எல்லாம் அதுக்குள்ள இருக்கு. அவர் இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பார்."

"அவர் இல்லையே தம்பி."

வெள்ளிக்கிழமை வருகிற கருத்துகளில் உண்மையான ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். அதைச் சொல்கிற வழக்கமில்லை என்றான். பாதியாவது தேறுமா என்றாள். உங்கள் தொடர் மட்டுமில்லை மேடம், எல்லாத் தொடரும் இப்போது இப்படித்தான் என்று ஆறுதல் சொன்னான். அத்தியாயம் ஏறிய மறுநொடியே இத்தனை 'உள்ளேன் அம்மா' எப்படி வருகிறது, ப்ராக்ஸி அதற்குள் படித்துவிடுமா என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு மட்டும் உற்சாகமாகப் பதில் வந்தது.

"படிக்கறது, கருத்து சொல்றதெல்லாம் அப்புறம்தான் மேடம். வருகையை மட்டும் ஏறின நொடியிலேயே போட்டுடும். முதல் கமெண்ட் யாருதுன்னு அடிச்சுக்குவாங்கள்ல, அதுக்காகவே அப்படிப் பண்ணினோம்."

பிறகு அவன் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னான். மேடத்துக்கு அலுப்பாக இருந்தால் எழுதுவதை நிறுத்திக்கொள்ளலாம். மூன்று வருட எழுத்து கையில் இருக்கிறது, மேடத்துக்கும் ஒரு ப்ராக்ஸி போட்டுவிடலாம். தொடர் பாட்டுக்கு ஓடும். அரக்கோணத்து அம்மாவுக்கும் வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் குரல் கேட்கும். "இதுல யாருக்கு மேடம் நஷ்டம்?" என்றான். மங்கை யோசித்துப் பார்த்தாள். யாருக்கு நஷ்டம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை பதில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு கிழவியின் வெள்ளிக்கிழமை பிழைத்துவிடும். மாட்டேன் என்றால், செத்துப்போன மனிதரை இரண்டாவது தடவை சாகடித்த பாவம் அவள் தலையில். அதற்காக, எழுதுவதும் இயந்திரம், படிப்பதும் இயந்திரம் என்று ஒரு கதை காலத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பதா? ஆளில்லாத வீட்டில் டி.வி. ஓடுகிற மாதிரி அது என்ன பிழைப்பு?

ரோல் நம்பர் ஒன்று அவளுடைய மகள் நறுமுகை. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரு வாரம்கூட வருகை தவறியதில்லை. புதன்கிழமை பேசும்போது, போன வாரம் மாசிலாமணி யாருக்கு எலுமிச்சை சாதம் கொடுத்தார் சொல் பார்ப்போம் என்று மங்கை சும்மா கேட்கிற மாதிரி கேட்டாள். மகள் திணறினாள்.

"செமஸ்டர்மா. மூணு மாசமா ப்ராக்ஸிதான். உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் சொல்லல. இந்த வாரத்துல இருந்து நானே படிக்கறேன், ப்ராமிஸ்."

அதனால் என்ன, படிப்பைப் பார் என்று மங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள். போனை வைத்த பிறகு சமையலறையில் நின்று அழுதாள்.

வியாழக்கிழமை ஒரே மூச்சில் அத்தியாயத்தை எழுதினாள். அங்கயற்கண்ணி அம்மையாருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. வகுப்பில் பாதி பெஞ்சு காலி, வருகை மட்டும் முழுசாக இருக்கிறது. மாசிலாமணியைக் கையும் களவுமாகப் பிடிக்க அவர் ஒரு தந்திரம் செய்கிறார். வழக்கம்போல வருகை எடுக்க எழுந்து நின்று சொல்கிறார்: "இன்று இங்கே வந்திருப்பவர்கள் யாரும் வாய் திறக்கக் கூடாது. வராதவர்கள் மட்டும் பதில் சொல்லலாம்." அத்தியாயம் அங்கே முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கை நடுங்காமல் பொத்தானை அமுக்கினாள்.

உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா, உள்ளேன் அம்மா என்று கொட்டியது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. பூப்படம் போட்டு ஒன்று, சிரிக்கிற முகம் போட்டு ஒன்று, 'ஃபர்ஸ்ட் கமெண்ட் நான்தான்' என்று நூறு. ராஜபாளையத்து நர்மதா உள்ளேன் என்றாள், அவள் குழந்தையும் உள்ளேன் என்றது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், ரோல் நம்பர் ஒன்று. உள்ளேன் அம்மா. பிள்ளை மறந்திருப்பாள், பரீட்சை நேரம், பாவம் என்று மங்கை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, நெஞ்சு கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. எவ்வளவு பெரிய மடத்தனம்! வந்தவர்கள் பேசக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. பேசாமல் இருக்கிறவர்கள் கதையைப் படித்துவிட்டு அம்மையார் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறார்களா, அல்லது அங்கே யாருமே இல்லையா? இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இயந்திரங்கள் எத்தனை என்று தெரிந்துவிட்டது. ஒரே ஒரு மனுஷராவது இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான் வழியை அவளே அடைத்துவிட்டாள்.

நிவேதனிடமிருந்து செய்தி மேல் செய்தியாக வந்தது. என்ன மேடம் இப்படிச் செய்துவிட்டீர்கள், படிக்கிறவர்கள் கவனித்தால் எங்கள் கதி என்ன, கடைசிப் பத்தியை உடனே மாற்றுங்கள் என்றான். படிக்கிறவர்கள் இருந்தால்தானே தம்பி கவனிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, பதில் போடாமல் விட்டாள். மாசிலாமணியைப் பற்றி இந்த வாரம் என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்கப் பதினேழாம் நம்பரைத் தேடினாள். மேலிருந்து கீழ்வரை தேடினாள். பதினாறு இருந்தது, பதினெட்டு இருந்தது. பதினேழு இல்லை. ஏதாவது கோளாறாக இருக்கும் என்று இன்னொரு தடவை பார்த்தாள். இல்லை.

ஏழு மணி வாக்கில் போன் அடித்தது.

"நான் அரக்கோணத்துல இருந்து பேசறேம்மா. வந்தவங்க வாய் தொறக்கக் கூடாதுன்னு அந்த அம்மா சொல்லிட்டாங்களே. அதான் அதுல ஒண்ணும் போடல. போன்ல சொன்னா தப்பில்லையே?"

மங்கை பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, நீங்களே படித்தீர்களா அம்மா என்று கேட்டாள்.

சுலோசனா நிதானமாகச் சொன்னார். ரயிலில் திரும்பும்போது பொழுது போகாமல் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாராம். எழுத்து நின்று தெரிந்ததும் முதல் அத்தியாயத்தைத் திறந்தாராம். நாலு நாளாகச் சமையல்கூட ஒழுங்காகச் செய்யாமல் படித்திருக்கிறார். அவர் சொன்ன கதை வேறு, இதில் இருப்பது வேறு என்றார். வாட்ச்மேனைத் தவிர இத்தனை பெண்பிள்ளைகள் கதையில் இருப்பதை அந்த மனிதர் ஒருநாளாவது வாய்விட்டுச் சொன்னாரா என்று குறைப்பட்டுக்கொண்டார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே அவர் பேசிவைத்த பழைய பதிவுகளையும் கேட்டாராம்.

"அதுல இருமறார்மா. பின்னால என் குக்கர் விசில் கேக்குது. காபி ஆறிப்போகுதுன்னு நான் கத்தறது கேக்குது. 'இருடி வரேன்'னு சொல்லிட்டுத்தான் உங்ககிட்ட மோட்டார் பத்திக் கேக்கறார். இப்ப ஒரு வருஷமா வர்றதுல அதெல்லாம் இல்ல. குரல் இருக்கு, வீடு இல்ல."

மங்கை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான்தானே அமுக்கிவிட்டேன். நேத்து நானே நிறுத்திட்டேன்."

மங்கை எதையோ சொல்ல ஆரம்பித்தாள். சுலோசனா விடவில்லை. உங்களிடம் ஒரு விஷயம் சேர்க்க வேண்டியிருக்கிறது என்றார். ஆபரேஷனுக்கு முதல் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, அழகேசன் ஒரு பேச்சுச் சொன்னாராம். அப்போது சுலோசனாவுக்குக் கதையும் தெரியாது, கதையில் இருக்கிற ஆளும் தெரியாது. இருந்த கலக்கத்தில் என்ன, ஏது என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை. இப்போது படித்த பிறகுதான் விளங்கிற்று.

"'அந்த மாசிலாமணிய வீட்டுக்கு அனுப்பிடச் சொல்லி அந்தம்மாவுக்குச் சொல்லணும். நான்தான் போட்டுப் பிடிச்சு வச்சிருக்கேன். எத்தன நாள்தான் நிப்பான், அவனுக்கும் வீட்டுல ஆள் இருக்கும்ல'ன்னார். ஊருக்கு வந்து சொல்லிக்கறேன்னார்."

ஒரு வருடமாக மாசிலாமணியை அனுப்பாதே அனுப்பாதே என்று பதினேழாம் நம்பர் கெஞ்சியதையெல்லாம் மங்கை நினைத்துப் பார்த்தாள். மனிதர் மனசு மாறிவிட்டிருந்தார். அது அந்த ப்ராக்ஸிக்குத் தெரியாது. அது அவருடைய பழைய மனசையே பிடித்துக்கொண்டு நின்றது. இவளும் அதன் பேச்சைக் கேட்டு, ஒரு கிழவனைப் படியிலேயே நிற்கவைத்துவிட்டாள். அழகேசனுக்காக அவள் அழுதது அப்போதுதான். சத்தம் கேட்டுக் கடை முதலாளி எட்டிப் பார்த்தார்.

மங்கையின் அழுகை ஓயும்வரை சுலோசனா போனை வைக்கவில்லை.

"முடிச்சுடுங்கம்மா. நான் படிச்சுக்கறேன்."

சரி என்றாள் மங்கை.

"ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு வருஷமா அந்த மனுஷன் தொண்டை கிழியக் கேட்டிருக்கார். எல்லாத்தையும் படிச்சுட்டேன், எங்கயும் பதில் இல்ல. அஞ்சாவது மாடிக்குத் தண்ணி எப்படிம்மா ஏறுது?"

மங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தெரியவில்லை அம்மா, யோசிக்கிறேன் என்றாள்.

சனிக்கிழமை நிவேதனைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொன்னாள். அவன் காரணம் கேட்டான். எனக்கு ஒரு வாசகர் இருக்கிறார், அவருக்கு நான் எழுத வேண்டியிருக்கிறது என்றாள். ஒரே ஒரு வாசகருக்காகவா மேடம் என்று அவன் நிஜமாகவே புரியாமல் கேட்டான். ஆமாம் தம்பி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை ஆரம்பித்தாள். விடியற்காலையில், கட்டடம் தூங்கிக்கொண்டிருக்கும்போது, மாசிலாமணி படியிறங்கிக் கீழ்த்தளத்துக்கு வந்து மோட்டார் போடுகிறார். இத்தனை வருடமும் அவர்தான் போட்டுக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. தொட்டி நிறைந்து வழிகிற சத்தம் மேலே கேட்டதும் மோட்டாரை நிறுத்திவிட்டு, சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, மாடிக்குத் திரும்பாமல் தெருவில் இறங்கி நடக்கிறார்.